எங்கள் நிலத்துத் தக்காளி

என் வீட்டுக்காரர் மூன்று வருஷம் தக்காளி பயிரிட்டார். மண்வெட்டியைத் தொடவில்லை, ஒரு நாற்று நடவில்லை, காலில் சேறு படவில்லை. ஆனாலும் பதினெட்டு லட்சத்துக்கு விளைந்தது. விளைந்த இடம், ஆம்பூரைத் தாண்டிப் பாலாற்றை ஒட்டி அவருக்கும் அவருடைய அக்கா கோவிந்தம்மாளுக்கும் கூட்டுப் பட்டாவாக இருக்கிற மூன்று ஏக்கர். தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு இறங்கி, கிணற்றுத் தண்ணீர் டீ நிறத்தில் கிடக்கிறது. தென்னை மரங்கள் தலையில்லாமல் நிற்கின்றன. அங்கே புல் முளைத்துக்கூட நான் பார்த்ததில்லை.

இந்த அதிசய விவசாயியின் பெயர் பரணிதரன். தொழில், தோலுக்கு நிறம் ஏற்றுவது. எந்த டேனரியிலும் சம்பளத்துக்கு இல்லை. நான்கு டேனரிகளுக்கு கன்சல்டன்டாகப் போய்வருவார். வெளிநாட்டுக்காரன் கேட்ட பழுப்பு வராமல் சிவப்படித்தால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். போய், தோலை விரலால் தேய்த்துப் பார்த்து, கலவையை மாற்றிக் கொடுத்துவிட்டு வருவார். கெட்டிக்காரர்தான். அந்தக் கெட்டிக்காரத்தனம் தோலோடு நின்றிருந்தால் எனக்கு இதை எழுதும் வேலை இருந்திருக்காது.

ஃபீஸில் பத்து சதவீதத்தை வருமான வரிக்காக டிடிஎஸ் என்று பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வருஷக் கடைசியில் இன்னும் கொஞ்சம் கட்ட வேண்டிவரும். அது அவருக்குப் பொறுக்காது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் வரி, சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே போய்விடும். அதனால் அவர் கண்ணுக்கு நான் ஓர் ஏமாளி.

“பூங்குழலி, உன்ன மாதிரி மாசச் சம்பளக்காரங்கதான் முழுசா கட்டுவாங்க,” என்றார் ஒருநாள். “எங்களுக்கு வழி இருக்குது.”

வழியைக் காட்டியவன் நவீன்குமார். வேலூரில் செல்போன் கடைக்கு மேலே அவன் ஆபீஸ். சித்திரை வெயிலிலும் டை கட்டியிருப்பான். பலகையில் வரி ஆலோசகர் என்று இருக்கும். ஆடிட்டர் என்று இருக்காது, அதற்குப் படிக்க வேண்டும். ஒரு ஹோட்டலில் இலவசக் கூட்டம் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு டப்பா மக்கன் பேடா இனிப்பு கொடுத்தான். என் வீட்டுக்காரர் பேடாவோடும் ஒரு யோசனையோடும் வீடு வந்து சேர்ந்தார்.

யோசனை இதுதான். டேனரிக்காரர்களிடம் ஃபீஸில் பாதியை பேங்க் வழியாக வாங்குவது, மீதியைக் கையில் வாங்குவது. கையில் வாங்கியதை, நிலத்தில் விளைந்ததை விற்ற பணம் என்று பேங்கில் போடுவது. விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. மண்டி ரசீதுகளை நவீன்குமாரே ஏற்பாடு செய்வான். மிச்சமாகிற வரியில் கால் பங்கு அவனுக்கு.

“இது ஏமாத்து வேலைங்க,” என்றேன்.

“ஏமாத்துறது வேற, ப்ளானிங் வேற. உனக்கு இதெல்லாம் புரியாது.”

கூட்டலும் கழித்தலும் சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளுகிற எனக்குப் புரியாதாம். மூன்று டேனரிக்காரர்கள் சரி என்றார்கள். வாணியம்பாடி ரஃபி அகமது பாய் மட்டும் முடியாது என்றுவிட்டார். “நீங்க வாங்குறது ஒழைச்ச காசு சார், அதை எதுக்கு ஒளிச்சு வாங்கணும்?” என்று கேட்டாராம். பாய்க்குப் பிழைக்கத் தெரியவில்லை என்று சொல்லி, இவர் அந்த டேனரிக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

என்ன பயிர் வைப்பது என்று இருவரும் எங்கள் ஹாலில் உட்கார்ந்து பேசினார்கள். நெல் போட இவருக்கு ஆசை. நெல்லில் வருமானம் கம்மி, தக்காளிதான் நல்லது என்றான் அவன். மழை சரியில்லை, அதனால் முதல் வருஷம் விளைச்சலைக் கொஞ்சம் குறைத்துக் காட்டலாம் என்று முடிவாயிற்று. இரண்டு பேர் முகத்திலும் நிஜமான விவசாயக் கவலை தெரிந்தது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அருவருப்பாக இருந்தது.

மிச்சம் பிடித்த வரியில் வீட்டுக்குக் கார் வந்தது. மூன்றாம் வருஷம் வருமான வரி ஆபீஸிலிருந்து நோட்டீஸும் வந்தது. மூன்று ஏக்கரில் இவ்வளவு விளைந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருந்தார்கள். இவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நவீன்குமார் அசரவே இல்லை. “போட்டோ எடுத்து அனுப்பிடலாம் சார்,” என்றான்.

நான் பரீட்சை டியூட்டிக்குப் போயிருந்த நாளில் அந்த அறுவடை நடந்தது. நர்சரியிலிருந்து காய்த்த தக்காளிச் செடிகளைப் பைகளோடு வாடகைக்குக் கொண்டுவந்து, அந்த உப்புப் பூத்த மண்ணில் வரிசையாகப் பள்ளம் தோண்டி இறக்கினார்களாம். மார்க்கெட்டிலிருந்து கூடைக் கணக்கில் பழம் வாங்கிவந்து முன்னால் அடுக்கினார்களாம். ‘பரணி இயற்கைப் பண்ணை’ என்று பலகை வேறு. சாயங்காலம் போனில் படத்தைக் காட்டினார். நடுவில் ஒரு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நல்ல சேலை கட்டி, சிரித்துக்கொண்டு நின்றது கோவிந்தம்மாள்.

கோவிந்தம்மாளை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். புருஷன் போனபிறகு ஷூ கம்பெனியில் நூல் வெட்டுகிற வேலை பார்க்கிறார். நின்று நின்று முழங்கால் கெட்டுவிட்டது. நிலம் செத்துப்போனதற்கு டேனரிகளிடம் நஷ்டஈடு கேட்டு, பக்கத்து நிலத்துக்காரர்களோடு பல வருஷமாக அலைந்துகொண்டிருந்தார். பணம் வந்தால் இரண்டு மாடு வாங்கிக்கொண்டு கம்பெனிக்குப் போவதை விட்டுவிடலாம் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. கூட்டுப் பட்டா என்றாலும் என் வீட்டுக்காரர் ஒருநாள்கூட அவரோடு போனதில்லை. அந்தப் பணத்தை அக்காவே வைத்துக்கொள்ளட்டும் என்று தாராளமாகச் சொல்லியிருந்தார். வராத பணத்தில் அவருக்கு எப்போதும் தாராளம்தான்.

“அண்ணிய எதுக்குங்க நிக்க வச்சீங்க?”

“அக்கா நின்னா நிஜமா இருக்கும். பேங்க் லோனுக்கு போட்டோ வேணும்னு சொன்னேன், வந்துட்டாங்க.”

“பழத்த இன்னா பண்ணீங்க?”

“மார்க்கெட்ல திருப்பிக் குடுத்துட்டேன். அக்காவுக்கு ரெண்டு கிலோ குடுத்தேன்.”

சொந்த அக்காவை நாள் முழுக்க வெயிலில் நிற்கவைத்ததற்குக் கூலி இரண்டு கிலோ தக்காளி. அதையும் ‘நம்ம நிலத்துத் தக்காளிக்கா’ என்று கிண்டலாகச் சொல்லிக் கொடுத்ததாகச் சொல்லிச் சிரித்தார்.

படம் வரி ஆபீஸுக்குப் போனது. அதோடு நின்றிருந்தால் சரி. நவீன்குமார் அதைத் தன் ஃபேஸ்புக் பக்கத்திலும் போட்டான். தன் ஆலோசனையால் செழித்த வாடிக்கையாளர் என்று விளம்பரம். ஊர் பேரும் போட்டிருந்தான். திருடுகிறவன் திருட்டை விளம்பரப்படுத்துவதை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

அடுத்த மாதம் நஷ்டஈட்டு விசாரணை. பட்டாதாரர்கள் இருவரும் வர வேண்டும் என்று சொல்லியிருந்ததால் இவரும் வந்தார். நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். அண்ணி முன்வரிசையில், நாங்கள் பின்னால். அண்ணியின் முறை வந்ததும் டேனரிக்காரர்கள் பக்கத்து வக்கீல் எழுந்து, தன் போனில் அந்த ஃபேஸ்புக் படத்தை எடுத்து நீட்டினார்.

“இது நீங்கதானம்மா?”

அண்ணி வாங்கிப் பார்த்தார். “நான்தான்.”

“பின்னால தெரியறது உங்க நிலந்தானே?”

“ஆமா.”

“அப்போ நிலம் வெளையுது. மண் பரிசோதனை எல்லாம் பழசு சார். இவங்க நிலமே இப்படி வெளைஞ்சா, அதே ஆத்தோரமா இருக்கிற பக்கத்து நிலமும் வெளையும்.”

அறையில் இருந்த மற்ற நிலத்துக்காரர்கள் எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள். அண்ணி திரும்பித் தம்பியைப் பார்த்தார். “சார், என் தம்பி உக்காந்துகினு இருக்கான். வெளைஞ்சுதா இல்லையான்னு அவனே சொல்லட்டும்,” என்றார்.

உண்மையைச் சொல்லிவிட நான் எழுந்தேன். நான் பட்டாதாரரா என்று விசாரணை அதிகாரி கேட்டார். இல்லை என்றேன். உட்காரச் சொல்லிவிட்டார். பரணிதரன் எழுந்தார். இல்லை என்று சொன்னால் வரி ஆபீஸ் பிடித்துக்கொள்ளும். ஆமாம் என்றால் அக்காவின் இத்தனை வருஷ அலைச்சல் போகும். அவர் யோசித்த நேரம் ரொம்பக் கம்மி.

“வெளைஞ்சுது சார்,” என்றார்.

அண்ணியின் மனுவை ஓரம் வைத்தார்கள். பக்கத்து நிலத்துக்காரர்களின் மனுக்களும் அதன்மேல் போயின. வெளியே வந்தபோது பக்கத்து நிலத்துக் கிழவர் ஒருவர் இவரைப் பார்த்து, காறித் தரையில் துப்பிவிட்டுப் போனார். எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது.

காரில் வரும்போதே நவீன்குமாருக்குப் போன் போட்டு, படத்தை எடுக்கச் சொல்லிக் கத்தினார். நவீன்குமார் மரியாதையாகவே பேசினான்.

“எடுத்துடறேன் சார். ஆனா நான் ஆலோசனைதான் சொன்னேன். கையெழுத்து நீங்க போட்டது.”

அதற்குப் பிறகு அவன் நம்பர் கிடைக்கவில்லை. செல்போன் கடைக்கு மேலே இப்போது டெய்லர் கடை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டார்.

“பரணி, நெலம் கூட்டுப் பட்டாதானே?”

“ஆமாக்கா.”

“அப்போ வெளைச்சல்ல பாதி எனுது. மூணு வருஷத்துக்கு ஒம்போது லட்சம். எப்ப குடுக்கப் போற?”

பதினெட்டு லட்சம் என்ற கணக்கை அண்ணிக்குச் சொன்னது நான்தான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பாதி கேட்கலாம் என்பது மட்டும் அண்ணியின் சொந்த யோசனை.

“அக்கா, அது சும்மா எழுதுனதுக்கா. உனக்குத் தெரியாதா?”

“எனக்கு இன்னா தெரியும். அதிகாரி முன்னாடி வெளைஞ்சுதுன்னு நீதானே சொன்ன. வக்கீலப் பாத்துட்டேன், கேஸ் நிக்கும்ன்றார். பணத்தக் குடு. இல்ல, அங்க போய் வெளையலன்னு சொல்லு. எதுவானாலும் எனக்குச் சரி.”

சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார். இவர் போனை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். விட்ட வரி இவ்வளவு, வட்டி இவ்வளவு, அபராதம் இவ்வளவு. பொய்யிலேயே நின்றால் அக்காவுக்கு ஒன்பது லட்சம். வரி ஆபீஸ் நோட்டீஸும் இன்னும் முடியவில்லை, அங்கே நம்பாவிட்டால் அதுவும் சேரும். அழித்து அழித்து மூன்று தடவை போட்டார். அக்காவின் முழங்காலோ, கிழவர் துப்பியதோ அந்தக் கணக்கில் வரவே இல்லை. கடைசியில் உண்மைதான் செலவு கம்மி என்று தெரிந்தது. ஒரு மனுஷன் உண்மை பேசுவதற்கு இதைவிடக் கேவலமான காரணம் எனக்குத் தெரியாது.

அடுத்த விசாரணையில் எழுந்து நின்று, ஒரு செடிகூட விளையவில்லை, வரிக்காகச் சொன்ன பொய் என்று சொல்லி, எழுதியும் கொடுத்தார். அதிகாரி திட்டியதை நான் ஒரு சொல் விடாமல் கேட்டேன். மனுக்களை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். அதுவரை கையில் ஃபீஸ் கொடுத்துவந்த டேனரிக்காரர்கள் மூன்று பேரும் அன்றைக்கே இவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பிற்பாடு வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்ந்து காரைத் தின்றது, என் சேமிப்பில் பாதியையும் தின்றது. இப்போது ரஃபி அகமது பாய் டேனரிக்கு மட்டும் பஸ்ஸில் போய்வருகிறார். டிடிஎஸ் போக மீதி பேங்கில் விழுகிறது.

அன்றைக்கு விசாரணை முடிந்து வெளியே வந்ததும், பெரிய உதவி செய்துவிட்டவர்போல் அண்ணியிடம் போய் நின்றார்.

“சொல்லிட்டேன்க்கா. இப்போ திருப்திதானே?”

அண்ணி இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“இன்னாக்கா இது?”

“அந்த ரெண்டு கிலோ தக்காளிக்கு. கடையில வாங்குனதுன்னு எனக்கு அப்பவே தெரியும்டா. தம்பி குடுத்தானேன்னுதான் கொழம்பு வச்சேன்.”