ரோபோவுக்குப் பட்ட தீட்டு

"அடியே, நீ நம்ம சிவஞானம் மவதானே?"

தேத்தண்ணியும் வடையும் கொண்டு மாடிக்கு வந்த இராக்கம்மா இப்படிக் கேட்டதும், தட்டை நோக்கி நீண்ட துஷாந்தினியின் கை பாதியில் நின்றது. இராக்கம்மா மனதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து இந்த வீட்டுக்கு வேலைக்கு வருகிறவள் அவள். பதுளை பஜாரில், அதுவும் தங்கராஜா முதலாளி வீட்டு மாடியில், தன் தோட்டத்துப் பிள்ளை கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"எந்தச் சிவஞானம்?" என்று கேட்டாள் வீட்டுக்காரி வடிவம்மா.

"அதாங்கம்மா, எங்க தோட்டத்து வாசக்கூட்டி."

தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்களைக் கூட்டி, சாக்கடைக் கான்களைக் கழுவிவிடுகிற வேலை அது. தோட்டங்களில் அந்த வேலையை எந்தச் சாதியின் தலையில் கட்டி வைத்திருக்கிறார்கள் என்பது வடிவம்மாவுக்கு நன்றாகவே தெரியும். இந்த மாதிரி விஷயங்களில் மட்டும் நம்மவர்களின் ஞாபகசக்தி ஒருநாளும் பழுதாவதில்லை.

"ஆமாங்க, அவர் மகதான்" என்று சொல்லிவிட்டுத் துஷாந்தினி வடையை எடுத்துக்கொண்டாள்.

பாடசாலை மண்டபத்துக் கூரையைப் பிரித்துப்போட்டிருந்ததால், ரோபோ குழு சனிக்கிழமைகளில் இங்கே கூடியது. குழு என்றால் மூன்றே பேர். முதலாளியின் மகள் துவாரகா கேப்டன். திலீபன் சக்கரம், கம்பி, ஆணி வேலைக்காரன். ரோபோவுக்குப் புரோகிராம் எழுதுகிறவள் துஷாந்தினி. இந்தப் பருவத்துக்கான இலக்குகளை முடிவுசெய்ய அன்று ஜீவராணி டீச்சரும் வந்திருந்தாள். வெள்ளைப் பலகையில் அவள் மூன்று இலக்குகளை எழுதி முடித்திருந்தாள். மாகாணப் போட்டியில் முதலிடம். அகில இலங்கைப் போட்டிக்குப் போவது. எல்லோரும் எல்லா வேலையும் பழகுவது. மூன்றாவதைச் சொன்னபோது டீச்சரின் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது.

"டீச்சர், கொஞ்சம் குசினிப் பக்கம் வாறீங்களா?" என்றாள் வடிவம்மா.

அடுப்படிக்குப் போனதும் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்தப் புள்ள ரோபோவத் தொட்டுச்சா?"

"அவதாங்க அதுக்குப் புரோகிராம் எழுதுறது. தொடாம எப்புடி?"

"ஐயோ கடவுளே! விஜயதசமிக்குச் சாமி ரூம்ல வச்சு, பொட்டு வச்சு, பூசை பண்ணின பொருளுங்க அது. இப்பவும் ராவையில அங்கதான் இருக்கு. நான் குளிச்சிட்டுத்தான் வெளிய எடுத்தாறேன்."

"இந்தக் காலத்துல போயி..."

"நான் சாதி பாக்குறவ இல்லீங்க டீச்சர். அந்தப் புள்ள நல்லாப் படிக்கட்டும், நல்லா இருக்கட்டும். நான் வேணாங்கிறேனா? சாமி விசயம், அதான் யோசிக்கிறேன்."

ஜீவராணி டீச்சரும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். இது அநியாயம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் இந்த மாடியை விட்டால் மூன்று மாதத்துக்கு வேறு இடம் கிடையாது. முதலாளியம்மாவைப் பகைத்துக்கொள்ளவும் துணிச்சல் இல்லை. திரும்பி வந்தவள், பலகையில் இருந்த மூன்றாவது இலக்கை அழித்தாள். "ஆளுக்கொரு வேலை" என்று அந்த இடத்தில் எழுதினாள்.

"துஷாந்தினி, நீ அந்தப் படிக்கட்டுப் பக்கமா லப்டொப்ப வச்சுக்கிட்டு எழுதும்மா. எழுதினத துவாரகா ரோபோவுல ஏத்துவா. இப்புடிப் பிரிச்சுச் செஞ்சாத்தான் வேகம் வரும்."

"இத்தன நாளும் மேசையிலதான டீச்சர் எழுதினேன்?"

"சொன்னாக் கேளும்மா. ஒரு காரணமாத்தான் சொல்றேன்."

காரணம் என்னவென்று துஷாந்தினிக்குப் புரிந்தது. அழுதால் அவர்களுக்கு வசதியாகிவிடும் என்று அழாமல் எழுந்து போனாள். அவளுக்கு இந்தக் குழுவை விட்டால் வேறு குழு இல்லை. தோட்டத்தில் கம்ப்யூட்டர் இல்லை. தொட்டுப் பழக இந்த ஒரு ரோபோதான். இதிலிருந்து கழற்றிவிட்டால் அவளுக்கு எல்லாம் முடிந்த மாதிரிதான்.

பயிற்சி தொடங்கியது. தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டை விட்டு விலகாமல் ரோபோ ஓட வேண்டும். அது இரண்டு அடி ஓடியதும் கோட்டை விட்டுவிட்டு நேராகச் சோபாவுக்கு அடியில் போனது.

"வலது பக்க சென்சர கொஞ்சம் கீழ எறக்கு" என்று படிக்கட்டிலிருந்து துஷாந்தினி கத்தினாள்.

"வலதுன்னா எனக்கு வலதா, அதுக்கு வலதா?" துவாரகாவும் பதிலுக்குக் கத்தினாள்.

"அதுக்கு!"

"அது பின்னால திரும்பி நிக்குதுடி!"

திலீபன் ஒன்றைத் திருகினான். ரோபோ இருந்த இடத்திலேயே வட்டம் போட்டது. இன்னொன்றைத் திருகினான். அது சுவரில் போய் முட்டி, முட்டிய இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நின்றது. இப்படியே காலைப்பொழுது முழுக்க வீணாகிப்போனது. எல்லோருக்கும் எரிச்சல். ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்தார்கள். டீச்சர் மட்டும், "பொறுமை, பொறுமை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பொறுமையாக இருக்கச் சொல்கிறவர்கள் ஒருநாளும் படிக்கட்டில் உட்காருவதில்லை.

கடைசியில் துஷாந்தினி எழுந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. உள்ளே வந்து ரோபோவைக் கையில் எடுத்தாள். சென்சரை நகத்தால் ஒரு நூல் அளவு இறக்கி, கோட்டில் வைத்துவிட்டாள். அது வளைவில் வளைந்து, திருப்பத்தில் திரும்பி, கோட்டின் முடிவில் போய்ச் சமர்த்தாக நின்றது. திலீபன் கைதட்டினான். துவாரகா அவளைக் கட்டிக்கொண்டாள். டீச்சரும் தன்னை மறந்து, "சபாஷ்!" என்றாள்.

வாசலில் வடிவம்மா நின்றிருந்தாள்.

அவள் பிள்ளைகளை ஒரு வார்த்தை திட்டவில்லை. உள்ளே போய்ச் செம்பில் மஞ்சள் தண்ணீரும் ஒரு கொத்து மாவிலையும் கொண்டு வந்தாள். மேசையில் தெளித்தாள், தரையில் தெளித்தாள். "அம்மா, வேணாம்!" என்று துவாரகா பாய்வதற்குள் ரோபோவின் மேலேயும் தாராளமாகத் தெளித்துவிட்டாள். பொட்டென்று ஒரு சத்தம் கேட்டது. கருகிய நாற்றத்தோடு மெல்லிய புகை எழுந்து, எரிந்துகொண்டிருந்த சின்னப் பச்சை விளக்கு அணைந்துபோனது.

முதலில் வாய் திறந்தவள் வடிவம்மாதான்.

"பாத்தீங்களா டீச்சர்? நான் சொன்னேன்ல? இத்தன நாளு நல்லா இருந்துச்சு. இன்னிக்கி விசயம் தெரிஞ்சும் தொட்டா, செத்துப்போச்சு!"

சத்தம் கேட்டுத் தங்கராஜா முதலாளி மாடிக்கு வந்தார். கீழே அவருக்கு மின்சாதனக் கடை. ஈரக்கையால் சுவிட்சைத் தொடாதீர்கள் என்று வாடிக்கையாளருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொல்கிற மனிதர். அவர் செம்பைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், புகைகிற ரோபோவைப் பார்த்தார்.

"சாமிக் குத்தம் ஏதும் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

"இனி அது இந்த வூட்டுல இருக்கப்படாது" என்றாள் வடிவம்மா. "வெளிய கொண்டு போயிரச் சொல்லுங்க."

ஜீவராணி டீச்சர் துஷாந்தினியின் தோளில் கை வைத்தாள். "நீ மனசுல வச்சுக்காதம்மா. இந்த வருசம் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிறதப் பாரு. அடுத்த வருசம் நிலைமை மாறும், பாத்துக்கலாம்."

துஷாந்தினி தோளை விலக்கிக்கொண்டாள். தன் சீருடைக் கழுத்துப்பட்டியால் ரோபோவின் மேலிருந்த மஞ்சள் தண்ணீரைத் துடைத்தாள். பற்றரியைக் கழற்றி எடுத்தாள். பிறகு அதை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். திலீபன் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். துவாரகா செருப்பைத் தேடினாள்.

"நீ எங்கடி போற?"

"டீம் போகுதும்மா. நான் கேப்டன்."

"தோட்டத்துப் பக்கம் போயிட்டு வந்தா, தலைக்குத் தண்ணி ஊத்தாம இந்த வூட்டுக்குள்ள காலடி வைக்கக் கூடாது. சொல்லிட்டேன்!"

துவாரகா ஒரு கணம் தயங்கினாள். அம்மாவின் கையிலிருந்த செம்பில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது.

"சரிம்மா. ஊத்துங்க. நான் செத்துப்போக மாட்டேன்."

டீச்சர் மாடிப்படியின் உச்சியில் வந்து நின்று கூப்பிட்டாள். அவள் கையில் மூடி போடாத பலகைப் பேனா இருந்தது.

"துஷாந்தினி! நில்லும்மா. கோபத்துல போகாத. இலக்குகள் இன்னும் முடியல."

துஷாந்தினி கீழ்ப்படியில் நின்று நிமிர்ந்து பார்த்தாள்.

"மொத இலக்கு இதுதான் டீச்சர், எழுதிக்கங்க. இனிமே இத எந்தச் சாமி ரூம்லயும் வைக்க விடமாட்டோம்."