இரண்டு விரல் துணி

தராசு நாற்பத்தொரு கிராம் அதிகம் காட்டியபோது அறையில் இருந்த நான்கு பேரும் தராசைத்தான் சந்தேகப்பட்டார்கள். செயற்கைக்கோளைக் கீழே இறக்கி, தராசைத் துடைத்து, எடை தெரிந்த இரும்புக் கட்டி ஒன்றை வைத்துச் சரிபார்த்துவிட்டு, மறுபடி ஏற்றினார்கள். மறுபடியும் அதே நாற்பத்தொன்று. துணி துவைக்கும் இயந்திரம் அளவுக்கு இருந்த அந்தப் பெட்டி, வெள்ளிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல உட்கார்ந்திருந்தது.

அந்தப் போர்வையைத் தைத்தவள் சுவரோரமாக நின்றிருந்தாள். டெய்லரக்கா என்றால்தான் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். சம்பளச் சீட்டில் வேறு ஏதோ நீளமான பதவி எழுதியிருந்தார்கள். அதை ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டு, வாய் வலிக்கிறது என்று விட்டுவிட்டாள்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் தையல் கடைக்குக் கால்சட்டையின் நீளம் குறைக்க வந்த ஒரு பெண், தைத்துக் கொடுத்ததை உள்பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தாள். துணியை வெளிப்பக்கம் பார்க்கிறவர்கள் வாடிக்கையாளர்கள். உள்பக்கம் பார்க்கிறவர்கள் போட்டிக் கடைக்காரர்கள் என்பது டெய்லரக்காவின் அனுபவம். முறைத்துக்கொண்டே நின்றாள். அந்தப் பெண்ணோ, "பிஸ்கட் பாக்கெட் உறை மாதிரி மெல்லிசா ஒண்ணு குடுத்தா கிழியாம தைப்பீங்களாக்கா?" என்று கேட்டாள். அப்படித்தான் வேலை கிடைத்தது. அந்தப் பெண்தான் இங்கே தலைமை இன்ஜினியர். திருகாணி வாங்கினாலும் எடை போட்டு எழுதிவைப்பதால் கிராம் மேடம் என்று பெயர். யாராவது டீ குடித்துவிட்டு உள்ளே வந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வாள் என்று பையன்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

முதல் மாதம் முழுக்கக் கிழித்துத் தள்ளினாள் டெய்லரக்கா. பதினான்கு அடுக்குப் பளபளப்புத் தாள், நடுநடுவே கொசுவலை போல ஒரு வலை. வெயில் பட்டால் உள்ளே சுடக்கூடாது, நிழலுக்குப் போனால் உள்ளே உறையக்கூடாது, அதற்குத்தான் இந்தப் போர்வை. ஒவ்வொரு ஊசித்துளையும் வெப்பம் கசியும் வழி என்பதால் தையல் நெருக்கமாக விழக்கூடாது. அதற்காகப் பிரிந்தும் வரக்கூடாது. இருபத்திரண்டு வருடம் நெருக்கமாகத் தைத்துப் பழகிய கையை அடக்கி, தாண்டித் தாண்டித் தைக்கப் பழக்கினாள். நான்கு மாதத்தில் போர்வை முடிந்தது. முடிந்த அன்று தெருவில் ஒரு ஆள் விடாமல் சொல்லிவிட்டாள். காய்கறிக் கடைக்காரரிடம் இரண்டு தடவை சொன்னாள்.

இப்போது முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வயது முப்பத்துமூன்று இருக்கும். முதலாளி என்று கூப்பிட்டால் வெட்கப்படுவார், கூப்பிடாவிட்டால் கவனிப்பார். அவர்களுடைய செயற்கைக்கோள் தனியாகப் போகவில்லை. பெரிய ராக்கெட் ஒன்றில் முப்பது நாற்பது செயற்கைக்கோள்கள் இடம் பிடித்துக்கொண்டு கூட்டமாகப் போகின்றன. எழுதிக் கொடுத்த எடைக்கு மேல் ஒரு கிராம் இருந்தாலும் ஏற்ற மாட்டோம் என்று ராக்கெட்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். நாளைக் காலை பத்து மணிக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பியாக வேண்டும்.

"திருகாணியில கை வைக்க முடியாது. ஒயர்ல கை வைக்க முடியாது," என்றாள் கிராம் மேடம். அப்புறம் டெய்லரக்காவைப் பார்க்காமல், அலமாரியைப் பார்த்துச் சொன்னாள். "வெளியில ஆர்டர் குடுத்து வாங்கின போர்வை ஒண்ணு இருக்கு. மாத்துக்கு வாங்கினது. இதைவிட எழுபது கிராம் கம்மி."

முதலாளி டெய்லரக்காவின் பக்கம் திரும்பி, "அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க. அடுத்ததுக்கு உங்க போர்வைதான்," என்றார்.

"அதனால என்ன சார், போகணும்ல அது," என்றாள் டெய்லரக்கா. சொல்லிவிட்டு, தலையுறையையும் வெள்ளை அங்கியையும் கழற்றி மாட்டிவிட்டு, கத்தரிக்கோலை எண் பார்த்து ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினாள். அந்த அறைக்குள் ஊசி போனாலும் எண்ணித்தான் போகும், எண்ணித்தான் வரும்.

கடைக்குப் போகும் வழியில் அவளுக்கு அழுகை வந்தது. தைத்ததெல்லாம் ஒரு வருடத்தில் கிழிந்தோ, சின்னதாகியோ, கரித்துணியாகியோ போவதை இத்தனை காலம் பார்த்தவள். இது ஒன்று மட்டும் யாரும் உடுத்திக் கிழிக்க முடியாத இடத்தில் இருக்கப்போகிறது என்று எண்ணி எண்ணி மகிழ்ந்திருந்தாள். இனி காய்கறிக் கடைக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை வேறு.

கடையில் தங்கை இருந்தாள். கடையை இப்போது பெரும்பாலும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அக்காவின் வான்வழி உத்தியோகத்தில் அவளுக்குத் துளியும் மதிப்பில்லை. "அளவெடுக்க நிக்காத கஸ்டமர், குறை சொல்லாத கஸ்டமர். அதுக்குத் தைக்கிறது ஒரு வேலையா?" என்பாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் பள்ளிச் சீருடை ஒன்றைத் தூக்கி மடியில் போட்டாள்.

"நீளம் விடணுமாம். அவசரமாம்."

எதிரே ஒரு அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகளுக்குப் பத்து வயதிருக்கும். முட்டி இரண்டும் வெளியே தெரிய, அதில் பெருமை வேறு. "ஆறு மாசம்தான் ஆச்சு நீங்க தைச்சு. மரம் மாதிரி வளர்றா. புதுசு எடுக்கணுமா?" என்று கேட்டாள் அம்மா.

"எதுக்கு? உள்ள துணி விட்டுத்தானே தைச்சிருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே டெய்லரக்கா பாவாடையின் ஓரத்தைப் பிரித்தாள். உள்ளே மடித்து வைத்திருந்த துணி நிறம் மங்காமல், நேற்று வாங்கியதுபோல இறங்கியது. இரண்டு விரல் அகலம். அவள் யாருக்குத் தைத்தாலும் விடும் இரண்டு விரல். யாரும் சொல்ல வேண்டியதில்லை, அளந்து பார்க்க வேண்டியதில்லை, கை தானாக விடும்.

அவள் அந்தத் துணியையே பார்த்தாள். தன் இரண்டு விரலையும் பார்த்தாள்.

"அய்யய்யோ," என்றாள்.

"என்னக்கா, ஊசி குத்திடுச்சா?"

"அதுக்கும் விட்டிருக்கேன்டி!"

தங்கைக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் தையல் மெஷின் மேலேயே சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். "பெட்டிக்கா? பெட்டி வளரும்னு உள்துணி விட்டியா?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் டெய்லரக்கா தெருவில் பாதி தூரம் போயிருந்தாள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை.

கம்பெனியில் அவள் தைத்த போர்வையைக் கழற்ற அப்போதுதான் ஆள் உள்ளே போய்க்கொண்டிருந்தான். டெய்லரக்கா வாசலிலேயே மறித்தாள். மூச்சு வாங்கியது. கிராம் மேடம் ஓடி வந்தாள்.

"மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு. காகிதத்துல அளவு வெட்டும்போது ஓரம் பூரா ரெண்டு விரல் சேர்த்து வெட்டி உள்ள மடிச்சுட்டேன். எல்லா ஓரத்துலயும் இருக்கு."

"எதுக்குக்கா?"

டெய்லரக்கா தரையைப் பார்த்தாள். "வளர்ந்தா பிரிச்சு விடலாம்னு. தெரிஞ்சு பண்ணல மேடம், கை பழக்கம்."

கிராம் மேடம் சிரிக்கவே மாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, உட்கார இடம் தேடும் அளவுக்குச் சிரித்தாள். "போர்வை கொஞ்சம் கனமா இருந்தப்போ நான் ஒட்டுப் பட்டையோட எடைன்னு நெனைச்சு விட்டுட்டேன். இதுவா அது! வாங்க, வாங்க," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மணி நாலரை. தலையுறை, அங்கி, கையுறை, ஒட்டும் பாயில் இரண்டு மிதி. கத்தரிக்கோலை மணிக்கட்டில் கயிற்றால் கட்டிக்கொண்டு, போர்வையை மேசையில் விரித்து, ஓரம் ஓரமாகப் பிரித்தாள். வெட்டி விழுந்த ஒவ்வொரு வெள்ளிக் கீற்றையும் கிராம் மேடம் தட்டில் சேர்த்து எடை போட்டாள். ஆறு கிராம். பதினொன்று. பத்தொன்பது. யாரோ வெளியிலிருந்து கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு கூட்டமே நின்றது. முப்பத்தேழு என்று கிராம் மேடம் சொன்னபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைதட்டினார்கள். சத்தம் கேட்கவில்லை, கைகள் மட்டும் தெரிந்தன.

மீதி இருந்தது இரண்டு பக்க ஓரம் மட்டும். டெய்லரக்கா கத்தரிக்கோலை வைத்துவிட்டாள்.

"இங்க வெட்ட மாட்டேன்."

"அக்கா, இன்னும் நாலு கிராம்தான்."

"இந்தப் பக்கம்தானே இறக்கை திறக்கும்? கதவு மாதிரி மடிஞ்சிருக்குல்ல, மேல போய் விரியும்னு சொன்னீங்கல்ல. சட்டைக்கு அக்குள்ல துணி பத்தலைன்னா கையைத் தூக்கும்போது பிடிக்கும் மேடம். தூக்கவே முடியாது."

கிராம் மேடம் கணினியில் வரைபடத்தைத் திறந்து பார்த்தாள். அப்புறம் போர்வையை வாங்கி அதன் இடத்தில் ஒட்டச் சொன்னாள். சூரியத் தகடு பொருத்திய இறக்கையை மேலிருந்து கயிற்றில் தாங்கவிட்டு, மெல்லத் திறந்தார்கள். இறக்கை விரிய விரிய அந்த இரண்டு விரல் துணி மடிப்பிலிருந்து வெளியே வந்தது. முழுதாக விரிந்தபோது அது விறைப்பாக இல்லை, தொங்கவும் இல்லை. கிராம் மேடம் ஒரு விரலை அதன் அடியில் விட்டுப் பார்த்தாள். விரல் போனது.

"நான் வரைஞ்சதுல இது இல்ல," என்றாள் மெதுவாக. "மூடி வெச்சே அளவெடுத்துட்டேன். வெளியில வாங்கின போர்வையும் நான் வரைஞ்சபடிதான் வந்திருக்கு. குளிர்ல இன்னும் சுருங்கும் வேற." விரலை வெளியே எடுத்துவிட்டு, "அதைப் போட்டிருந்தா இறக்கை பாதியில நின்னிருக்கும்க்கா," என்றாள்.

ஆக ஒன்றுக்கு இரண்டு தப்பு. ஒருவர் தப்பை ஒருவர் காப்பாற்றிய சந்தோஷத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஆனால் சந்தோஷத்துக்கு எடை குறையாது; நான்கு கிராம் நான்கு கிராமாகவே இருந்தது.

முதலாளி எப்போது உள்ளே வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. அங்கியின் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டிருந்தார். செயற்கைக்கோளின் அடியில் குனிந்து எதையோ தேடினார். அங்கே ஒரு சின்ன உலோகப் பலகை. அதில் கம்பெனி பெயர், அதற்கு மேலே கொஞ்சம் பெரிய எழுத்தில் அவர் பெயர். போன மாதம் அதைப் பொறித்து வாங்கி வந்து எல்லோருக்கும் காட்டியிருந்தார்.

"இது எவ்வளவு?" என்று கேட்டார்.

கிராம் மேடத்துக்கு அட்டவணையைப் பார்க்கத் தேவையே இல்லை. "திருகாணியோட சேர்த்துப் பன்னெண்டு சார்." எத்தனை நாளாக அதைச் சொல்லக் காத்திருந்தாளோ, பட்டென்று வந்தது.

"எனக்கு ஒரு திருப்புளி குடுங்க." நான்கு திருகாணியையும் அவரே கழற்றினார். பலகையைக் கையில் வைத்துக் கொஞ்சம் பார்த்தார். "மேல யார் படிக்கப் போறா? என் டேபிள்ல வெச்சுக்கறேன்," என்றார். அவர் குரலில் லேசாக ஒரு வருத்தம் இருக்கத்தான் செய்தது.

தராசில் ஏற்றினார்கள். அனுமதித்த எடைக்கு எட்டு கிராம் குறைவு. முதலாளிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "எட்டு கிராம் மிச்சம் இருக்குக்கா. என்ன வேணா சேர்த்துக்கலாம். சொல்லுங்க, என்ன போடலாம்?"

"ஒண்ணும் போட வேணாம் சார்," என்றாள் டெய்லரக்கா. "வளர்ற பிள்ளை. இருக்கட்டும்."

ஆறு வாரம் கழித்து, ஒரு காலை நேரம், கடையில் வேலையை நிறுத்திவிட்டு அக்காவும் தங்கையும் ஒரே கைபேசியில் ராக்கெட் கிளம்புவதைப் பார்த்தார்கள். தீ கக்கிக்கொண்டு அது எழும்பியபோது டெய்லரக்கா தங்கையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நகம் குத்துதுக்கா," என்று தங்கை சொன்னாள், ஆனால் கையை எடுக்கவில்லை. அன்றைக்கே காய்கறிக் கடைக்காரர் வந்து, "போயிடுச்சாமே?" என்று விசாரித்துவிட்டு, ஒரு கட்டுக் கீரையைக் கொசுறாக வைத்துவிட்டுப் போனார்.

இறக்கை விரிய இன்னும் மூன்று நாள் ஆகும் என்று கிராம் மேடம் சொல்லியிருந்தாள். அந்த மூன்று நாளில் டெய்லரக்கா ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை தைத்தாள், ஒன்றைப் பிரித்தாள், மறுபடியும் இடது கையே தைத்தாள். தங்கை கத்தரிக்கோலைப் பிடுங்கி, பொத்தான் மட்டும் தைக்கச் சொன்னாள்.

மூன்றாம் நாள் மதியம் கைபேசி சிணுங்கியது. கிராம் மேடத்திடமிருந்து ஒரே ஒரு படம். செய்தி எதுவும் இல்லை, சிரித்துச் சிரித்து அழும் மஞ்சள் முகங்கள் மட்டும் ஒரு வரிசை. செயற்கைக்கோள் தன்னையே பார்த்துக்கொள்ள ஒரு சின்னக் கேமரா வைத்திருந்தார்கள்; அது எடுத்த படம்.

தங்கை மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தாள். "இது என்ன நீலமா?" என்றாள்.

டெய்லரக்கா அவள் சொன்னதைக் கேட்கவில்லை. இறக்கை முழுசாக விரிந்திருந்தது. இறக்கையும் உடம்பும் சேரும் இடத்தில், மடிப்பிலிருந்து இறங்கிய அந்த இரண்டு விரல் துணி வெயில் பட்டு மின்னியது. அதன் குறுக்கே தாண்டித் தாண்டி அவளுடைய தையல்.

"மூணாவது தையல் கோணல்," என்றாள் தங்கை.

"அங்க யாரு உள்பக்கம் திருப்பிப் பார்க்கப் போறா?" என்று சொல்லிவிட்டு, இரண்டு விரலைத் திரையில் வைத்து, அந்த ஓரத்தை இன்னும் கிட்டத்தில் பார்க்க அகல விரித்தாள் டெய்லரக்கா. துணி பெரிதானது, தையல் பெரிதானது. படத்தின் மூலையில் வளைந்து கிடந்த பூமி மெல்ல நகர்ந்து திரைக்கு வெளியே போய்விட்டது.