வெள்ளிக்கிழமை விற்ற டாலர்

டான் ஆபெல் வெள்ளிக்கிழமை மத்தியானமே சொல்லிவிட்டார். அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரக் கடைவீதியில், ஒரு கைப்பைக் கடைக்குப் பின்னால் அவர் கள்ளத்தனமாக டாலர் மாற்றும் அறைக்கு ஊரார் வைத்த பெயர் ‘குகை’. வெளியே நின்று “மாத்தணுமா, டாலர் மாத்தணுமா” என்று கூவி ஆள் பிடிப்பது நெலிதாவின் வேலை.

“திங்கக்கிழமை வரியை எடுக்கறாங்க. அமைச்சகத்துல இருக்கற என் மச்சினன் சொன்னான்.”

“எந்த வரியை?”

“பேங்க்ல டாலர் வாங்கறவன் தலையில கட்டின வரியைத்தான். அது போச்சுன்னா பேங்க்லயே மலிவாக் கிடைக்கும். நம்மகிட்ட எவன் வருவான்? உன் கையில இருக்கறதை இன்னிக்கே தள்ளு. மிஞ்சினா நஷ்டம் உன்னுது. வெளியில வாயைத் திறந்தே, வேலையும் போச்சு.”

சாயங்காலத்துக்குள் வாடிக்கையாளர்களுக்கும் மூக்கில் வேர்த்துவிட்டது போலும், ஒருவரும் நிற்கவில்லை. நெலிதாவின் இடுப்புப் பையில் ஒரு கட்டு மிச்சம் இருந்தது. அப்போதுதான் டெல்ஃபினா ரொட்டிப் பையில் உள்ளூர்ப் பணமான பெசோக்களை அடைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள்.

“ஏ ஒல்லி! மோட்டார் சைக்கிளை வித்துட்டேன். எல்லாத்தையும் மாத்திக் குடு.”

டெல்ஃபினா வீட்டு அடுப்பில், மாவுக்குள் பூரணம் வைத்த ரவியோலி செய்து விற்கிறவள். சந்தை முனையில் காலியாகக் கிடந்த கடைக்கு முன்பணம் கட்டத் துடித்துக்கொண்டிருந்தாள். கட்டடச் சொந்தக்காரர்கள் பெசோவைத் திரும்பியும் பார்ப்பதில்லை, எல்லாம் டாலர்தான்.

“என்ன குண்டு, இவ்வளவு அவசரம்? திங்கக்கிழமை…”

“திங்கக்கிழமை என்ன?”

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டான் ஆபெலின் மூக்குக்கண்ணாடி தெரிந்தது.

“திங்கக்கிழமை கூட்டமா இருக்கும்” என்றாள் நெலிதா.

“அதுக்குத்தானே இன்னிக்கே ஓடி வந்தேன்!”

பழைய நூறு டாலர் நோட்டில் தலைப்படம் சின்னது. அந்த நோட்டை இங்கே யாரும் முழு விலைக்கு எடுக்கமாட்டார்கள். நெலிதா பெரிய தலையாக, மடிப்பு விழாததாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தாள். பொறுக்கும்போது, இதையாவது செய்கிறோமே என்று நெஞ்சு கொஞ்சம் லேசானது. அப்படி லேசானதைத்தான் சனியும் ஞாயிறும் அவளால் பொறுக்க முடியவில்லை. சாப்பாட்டில் கை வைத்தால் அது நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் வானொலியில் செய்தி. வரி போய்விட்டது. வங்கி வாசலில் வரிசை, சிரிப்பு, கைதட்டல். கடைவீதியில் டாலர் விலை சரிந்துகொண்டே போனது.

மத்தியானம் டெல்ஃபினா வந்து, நெலிதா நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலிருந்த ரூலோவின் பத்திரிகைப் பெட்டிக்கடை முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“கடை போச்சுடி, ஒல்லி. சனிக்கிழமை கொண்டு போனேன், கொஞ்சம் குறையுதுன்னான் கடைச் சொந்தக்காரன். ரெண்டு நாள் பொறுங்க, புரட்டிட்டு வரேன்னு கெஞ்சினேன். இன்னிக்குக் காலையில எவனோ பேங்க்ல மலிவா வாங்கிட்டு வந்து கட்டிட்டான்.”

ரூலோ பத்திரிகைக் கட்டுக்கு மேலிருந்து தலையை நீட்டினான். “அதே பெசோவை இன்னிக்கு மாத்தியிருந்தா சாவி உன் கையில! உன் சிநேகிதி நல்லா மொட்டை அடிச்சு அனுப்பியிருக்கா.”

“வாயை மூடுடா, சொட்டை! தெரிஞ்சிருந்தா இவ எனக்குச் சொல்லாம இருப்பாளா? என் பொண்ணு பிரிசாவுக்கு ஞானத்தாய் இவ. சின்னத் தலை ஒண்ணுகூட இல்லாம பொறுக்கிக் குடுத்தா. உன் பெண்டாட்டி செய்வாளா உனக்கு?”

“என் பெண்டாட்டி பெசோவையே கண்ணுல காட்டமாட்டா.”

டெல்ஃபினா அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பை நெலிதாவால் பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“வரி போகப்போறது. வெள்ளிக்கிழமையே தெரியும்.”

ரூலோ தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

“திங்கக்கிழமைன்னு ஏதோ ஆரம்பிச்சியே…”

“ஆமா.”

“சொல்லத்தான் வந்தியா?”

“வந்தேன். மிஞ்சினா நஷ்டம் என் தலையில விழும்னு டான் ஆபெல்…”

“அதனால என் தலையில போட்டே.”

“வித்தியாசத்தை நான் குடுத்துடறேன், குண்டு. கொஞ்சம் கொஞ்சமா…”

“குடு. வாங்கிக்குவேன். வேண்டாம்னு வீறாப்பு பேச நான் பணக்காரி இல்ல.” டெல்ஃபினா கழுத்தில் கிடந்த துணியால் மூக்கைத் துடைத்தாள். “ரூலோகிட்ட உனக்காகச் சண்டை போட்டேனே, அப்பவாவது தடுத்திருக்கக் கூடாதா?”



டெல்ஃபினா முட்டியில் கையூன்றி எழுந்தாள். நாலடி போனவள் நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “ஞாயித்துக்கிழமை பிரிசா பொறந்தநாள். வந்துடு. பிள்ளை தேடும். என் பக்கத்துல மட்டும் உக்காராதே.”

“வரேன்” என்றாள் நெலிதா. அதற்குள் டெல்ஃபினா கூட்டத்தில் கலந்துவிட்டாள்.