மூக்கோரத்து நிழல்

"யன்னல் பக்கம் நிக்காதேங்கோ, வெளிச்சம் மறையுது" என்று குணபூசணி சொன்னதும் ஒப்பாரி நின்றது. அம்மாவின் கட்டிலோரம், மடியில் பலகையும் அதன்மேல் தாளுமாக அவள் உட்கார்ந்திருந்தாள்.

"தாய் செத்துக் கிடக்கிறாள். படம் கீற இதுவோடி நேரம்?" என்றாள் அம்மாவின் தங்கை இராஜம்மா.

"பிறகு எப்ப சின்னம்மா கீறுறது?"

படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்று அம்மா நேசம்மா ஒருநாளும் கமராவுக்கு முன் நின்றதில்லை. காய்ச்சலில் கிடந்தவள் விடியற்காலையில் கண்மூடியதும், அப்பா சிவசம்பு ஸ்டூடியோவுக்கு ஆள் அனுப்பினார். படக்காரர் கிள்ளான் பட்டணத்தில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார். மத்தியானம் பிரேதத்தை எடுத்துவிடுவார்கள். அதற்குள் குணபூசணியின் பென்சிலில் வந்தால்தான் அந்த முகம் வீட்டில் இருக்கும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் சித்திர ரீச்சர். சீமையிலிருந்து வந்த மாதிரிப் படப் புத்தகத்தைப் பார்த்துக் கீறித்தான் படித்தாள். பிள்ளைகளுக்கும் அதையே முன்னால் வைத்தாள்.

இராஜம்மா எட்டிப் பார்த்தாள். "இது ஆர்? ஒரு தொப்பி வைச்சால் துரைசாணிதான்."

பின்னால் யாரோ சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குணபூசணி தாளைப் பார்த்தாள். நேராக இறங்கிக் கூராக முடிந்த மூக்கு, புத்தகத்து மூக்கு. அழித்துவிட்டுக் கீறினாள். மறுபடியும் அதுவே வந்தது. அவள் கைக்கு வேறு மூக்குத் தெரியாது.

அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மாவின்ரை மூக்கு எப்பிடி அப்பா?"

"நல்ல மூக்கு." கொஞ்சம் யோசித்தார். "வடிவான மூக்கு."

அவள் புதுத் தாள் எடுத்தாள். புத்தகத்தின் முன்னுரையில் ஒரு வழி சொல்லியிருந்தது. முன்னுரையை வகுப்பில் யாரும் படிப்பதில்லை.

"மூக்கை விடுங்கோ. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கோ. எங்கை இருட்டு, எங்கை வெளிச்சம், அதை மட்டும் சொல்லுங்கோ. நான் பார்த்தால் புத்தகத்து மூக்குத்தான் வரும், உங்கடை சொல்லுக்குத்தான் கீறுவன்."

"எனக்கென்னம்மா தெரியும் உதுகள்?"

"பாருங்கோ அப்பா."

சிவசம்பு குனிந்தார். "இந்தப் பக்கம் இருட்டு."

"முழுக்கவோ?"

"இல்லை... கன்ன எலும்புக்குக் கீழைதான். கண்குழியிலை அதைவிடக் கூட. மூக்கோரம், மேலை மெல்லிசு. கீழை வர வரக் கடுமை."

கோடே போடாமல் பென்சிலைச் சாய்த்து அவள் நிழலை மட்டும் வைத்துக்கொண்டு போனாள். மூக்கை அவள் கீறவில்லை. நிழல் முடிந்த இடத்தில் அது தானாக நின்றது. கூரில்லாத, கொஞ்சம் அகன்ற மூக்கு.

"நடுவிலை ஒரு சின்னப் பள்ளம் கிடக்கு" என்றார் அப்பா. "இது எப்ப வந்தது?"

"சின்னனிலை கிணத்துக்கட்டிலை விழுந்தவள்" என்றாள் இராஜம்மா. "உங்களுக்குத் தெரியாதோ அத்தான்?"

அவர் இன்னும் கிட்டக் குனிந்தார். குணபூசணி அந்தப் பள்ளத்தில் ஒரு பொட்டு நிழல் வைத்தாள். இராஜம்மா தாளைப் பார்த்தாள். "அக்கா" என்று மட்டும் அவள் வாயில் வந்தது.

வாசலில் பாடை தயாராகிவிட்டது. "நேரம் போகுது ஐயா" என்று ஒருவர் உள்ளே வந்து சொன்னார். குணபூசணி பென்சிலைக் கீழே வைத்தாள். ரெயில்வே உத்தியோகத்தில் யாருக்காகவும் ஒரு நிமிஷம் பிந்தாதவர் சிவசம்பு. இப்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றார். "பென்சிலை எடு பிள்ளை. கீழுதட்டுக்குக் கீழை இன்னும் சொல்லேல்லை."

இராஜம்மா எழுந்து வந்தாள். அவருக்கு எதிர்ப்பக்கமாகக் குனிந்து, அவளும் கண்ணைச் சுருக்கினாள்.