செயலாளர் வீட்டுப் பசுவுக்கு வயிறு உப்பியது

கலியாணசுந்தரத்தின் பசு லேசுப்பட்ட பசு அல்ல. மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திர நாளுக்கு, இன்னும் ஐந்தே நாள். மலாக்கா ஊர்வலத்தில் காஜா பெராங் வட்டாரத்து மாட்டுக்காரர் சங்கத்தின் சார்பில் முன்னால் நடக்கப்போவது அதுதான். சங்கத்துக்குச் செயலாளர் அவர். தம் பசுவே நடக்கட்டும் என்று கூட்டத்தில் முன்மொழிந்தவரும் அவரே. வழிமொழிய ஆள் தயங்கியபோது தொண்டையைக் கனைத்து ஞாபகப்படுத்தியவரும் அவரே.

அந்தப் பசு அன்று காலை பத்து மணிக்கு இடப்பக்கம் மத்தளம்போல் உப்பி, கழுத்தை நீட்டி, மூச்சுக்குத் திணறிக்கொண்டு நின்றது. அவர் மனைவி சாரதாம்பாள் விலாவுக்குப் பின்னால் விரலால் சுண்டிப் பார்த்தாள். 'டொம்' என்றது.

"என்னங்க, மாட்டு டாக்டரக் கூப்புடுங்க. இது கஷாயத்துக்கு அடங்குற உப்புசமில்ல."

"கூப்புடுறதா? கவர்மென்ட் டாக்டர், சாரதா. அதுக்குன்னு ஒரு முறை இருக்கு."

மராமத்து இலாகாவில் இருபது வருஷம் குமாஸ்தா. முறை தெரியாதவரா? மேஜையை இழுத்துப் போட்டு, பேனாவுக்கு மை நிரப்பி, ஆங்கிலத்தில் மனு எழுத உட்கார்ந்தார். முதல் பத்தியில் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். இரண்டாவதிலும் அதுவே தொடர்ந்தது. பசு மூன்றாவது பத்தியில் வருவதாக இருந்தது. அதற்குள் அதன் முன்னங்கால் மடங்கியது.

சாரதாம்பாள் காத்திருக்கவில்லை. சாலை முனையிலிருந்த சீனர் மளிகைக் கடையில்தான் டெலிபோன் இருந்தது. கடை முதலாளியான தௌக்கேயைக் கெஞ்சி நம்பர் போடச் சொல்லி, தனக்குத் தெரிந்த சந்தை மலாயில் 'லெம்பு', அதாவது மாடு, சாகக் கிடக்கிறது என்று கத்திவிட்டு, ஓட்டமாகத் திரும்பி வந்தாள்.

"டாக்டர் கெளம்பிட்டாராம். அதுவரைக்கும் படுக்க விடக்கூடாதாம். முன்னங்கால் மேட்டுல இருக்கணுமாம். வாயில ஒண்ணும் ஊத்தக்கூடாதாம். அப்புறம், என்னத்தத் தின்னுச்சு, எப்பத் தின்னுச்சுன்னு சரியாச் சொல்லணுமாம்."

கடைசிச் செய்தி கலியாணசுந்தரத்தின் வயிற்றையும் கொஞ்சம் உப்ப வைத்தது.

காரணம் இருந்தது. 'மாட்டுக்குச் சோறு போடுவது அறியாமை. பசுவுக்கு உணவு புல்லே' என்று சங்கத்துப் பலகையில் அறிவிப்பு எழுதி, கீழே கையெழுத்துப் போட்டவர் அவர். பக்கத்து வீட்டு அப்பாசாமி பழைய சோற்றைத் தன் மாட்டுக்கு வைத்ததற்காக, கூட்டத்தில் எழுப்பி நிற்கவைத்து அரைமணி நேரம் புத்தி சொன்னவரும் அவர்தான். அப்படிப்பட்டவர், ஊர்வலத்தில் தோல் பளபளக்க வேண்டுமே என்று, ஒரு வாரமாக விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் வடித்த சோற்றில் கூலா மலாக்கா என்னும் தென்னை வெல்லத்தைச் சீவிப் போட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். முதல் நாள் ஒரு கிண்ணம். இன்றைக்கு ஒரு குண்டான்.

டாக்டருக்கான ஏற்பாடுகள் மளமளவென நடந்தன. சாரதாம்பாள் கொட்டிலில் மண்ணை வெட்டிப்போட்டு மேடாக்கி, பசுவின் முன்னங்காலை அதன்மேல் ஏற்றினாள். சுடுதண்ணீர், சோப்பு, வாளி, கயிறு எல்லாம் எடுத்து வைத்தாள். கலியாணசுந்தரம் நாற்காலிக்கு வெள்ளைத் துணி விரித்தார், ஆரஞ்சு கிரஷ் வாங்கினார், மாலை கட்டச் சொன்னார், கோட்டு மாட்டிக்கொண்டார்.

கயிற்றைப் பிடித்துப் பசுவைத் தாங்கிக்கொண்டிருந்த அப்பாசாமி திரும்பிப் பார்த்தார். "செக்ரட்டரி அண்ணே, வர்றது மாட்டு டாக்டரா, மாப்பிள்ளையா?"

"அஞ்சு நாள்ல நாடு நம்ம கைக்கு வருது, அப்பாசாமி. ஒரு அதிகாரிய எப்படி வரவேற்கணும்னு மொதல்ல கத்துக்க."

அதிகாரி அரைக்கால் சட்டையில் வந்தார். தம்பிராஜா என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர். நீட்டிய மாலையை வாங்கி வாளிமேல் வைத்துவிட்டு நேரே பசுவிடம் போனார். செய்தி கேட்டு வந்த சங்கத்துப் பிரமுகர்கள் பத்துப் பேர் வேலியோரம் நின்றார்கள்.

"என்ன தின்னக் குடுத்தனீங்கள்?"

"புல்லுதான் டாக்டர். புக்கிட் காதில் பக்கம் அறுத்த நயம் புல்லு."

டாக்டர் விலாவை அமுக்கினார். முகம் சுளித்தார். "புல்லெண்டா ஒரு வைத்தியம். தானியமெண்டா வேற வைத்தியம். பிழையாச் சொன்னீங்களெண்டா நான் பிழையாத்தான் செய்வன். பிறகு மாடு செத்துப்போகும். வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

கலியாணசுந்தரம் பிரமுகர்களைப் பார்த்தார். அப்பாசாமியைப் பார்த்தார். பிறகு பசுவைப் பார்த்தார். அதன் கண் பிதுங்கியிருந்தது. விடியற்காலையில் குண்டானைத் துடைத்து நக்கிவிட்டு அவர் கையை நக்கிய அதே நாக்கு இப்போது நீலம்பாரித்துத் தொங்கியது.

"சோறு" என்றார்.

"எவ்வளவு?"

"ஒரு குண்டான். கூலா மலாக்கா போட்டு. அஞ்சு மணிக்கு. ஒரு வாரமா." சத்தமாகவே சொன்னார். சொல்வதென்று ஆனபின் முணுமுணுப்பது அவர் வழக்கமில்லை.

"அதானே பாத்தேன்" என்றாள் சாரதாம்பாள். "அரிசிப்பானை ஏன் இப்படி அடி தெரியுதுன்னு!"

"எனக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தீங்களே அண்ணே" என்றார் அப்பாசாமி. ஆனால் கயிற்றை விடவில்லை.

"கதைய விடுங்கோ. தலையை ஒராள் இறுக்கிப் பிடியுங்கோ."

கலியாணசுந்தரம் கோட்டோடு பாய்ந்து பிடித்தார். டாக்டர் பசுவின் வாயில் கட்டையைக் கொடுத்து, ரப்பர்க் குழாயை மெள்ள மெள்ள உள்ளே செலுத்தினார். திடீரென்று குழாய் வழியே சீறிக்கொண்டு கிளம்பியது காற்று. புளித்த கள்ளின் நாற்றம். பிரமுகர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சாலைவரை பின்வாங்கினார்கள். பின்னாலேயே கொழகொழவென்று புளித்த சோறு வந்து கோட்டு முழுவதும் வழிந்தது. கலியாணசுந்தரம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

மத்தளம் தளர்ந்தது. டாக்டர் சுடுதண்ணீர் விட்டு வயிற்றைக் கழுவி, சோடா உப்பைக் கரைத்து உள்ளே செலுத்தினார். பசுவின் காது அசைந்தது.

"தப்பிட்டுது. ரெண்டு கிழமைக்கு, பதினாலு நாளைக்கு, எங்கயும் நடத்தக் கூடாது. ஊர்வலத்தை மறந்திடுங்கோ." கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே டாக்டர் சொன்னார்: "கனபேர் கடைசிவரைக்கும் புல்லெண்டுதான் சொல்லுவினம். நீங்கள் சொன்னபடியால்தான் பிழைச்சது."

அவ்வளவுதான். கலியாணசுந்தரத்தின் நெஞ்சு நிமிர்ந்தது. சோறு சொட்டச் சொட்ட வேலியோரம் நடந்து பிரமுகர்களை நெருங்கினார்.

"கேட்டீங்களா? டாக்டரே சொல்லிட்டார். உண்மையினால பொழைச்ச பசு இந்த மலாக்காவுலயே இது ஒண்ணுதான்!"

"ஆமாமா" என்றாள் சாரதாம்பாள், பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்தச் சிரிப்பில் பெருமையும் கொஞ்சம் இருந்தது. "மொதல்ல போய்க் குளிங்க."