ஏழு பக்க மேசை

கடைசித் துண்டு மறுபடியும் உட்காரவில்லை. தச்சர் அதைப் பட்டறை மூலையில் வீசிவிட்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். திட்டியது மரத்தையா, மனைவியின் கூடப்பிறந்தவர்களையா என்று அவருக்கே தெரியாது.

மனைவியோடு சேர்த்து அவர்கள் ஏழு பேர். மாமனார் செத்துப்போன கையோடு, சாப்பாட்டு மேசையில் அவர் உட்காரும் தலைப்பக்கத்தில் பெரிய மைத்துனன் உட்கார்ந்தான். "உனக்கென்ன பட்டமா கட்டியிருக்கு?" என்றான் சின்னவன். தட்டு பறந்தது. அன்றோடு பேச்சுவார்த்தை அற்றுப்போய், ஒரு வீட்டில் எல்லாரும் கூடியதே இல்லை. அதனால்தான் மூத்தவளான இவளுக்குத் தலைப்பக்கமே இல்லாத மேசை வேண்டும்.

"வட்டமாப் பண்ணித் தொலைக்கிறேனே."

"வட்டத்துல என் இடத்துக்கு வந்துட்டான்னு அதுக்கொரு சண்டை போடுவானுங்க. ஆளுக்கு ஒரு பக்கம் வேணும். எல்லாம் ஒரே அளவா."

சொல்வதற்கென்ன, வாய் வலிக்கவா போகிறது? ஆறு பக்கம் என்றால் கவராயத்தில் வட்டம் போட்டு, விரித்த விரிப்பு மாறாமல் அதன்மேலேயே ஆறு தடவை நகர்த்தி வைத்துப் போனால் புறப்பட்ட புள்ளியில் வந்து நிற்கும். எட்டு என்றால் பாதியைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கினால் போதும். இந்த ஏழு மட்டும் யாருக்கும் பிடிகொடுக்காது. முந்நூற்று அறுபதை ஏழால் வகுத்தால் ஐம்பத்தொன்றரைக்குக் கொஞ்சம் குறைச்சல். அந்தக் கொஞ்சத்துக்கு முடிவே இல்லை. முக்கோணத் துண்டுகளின் முனையை ஐம்பத்தொரு பாகையில் அறுத்தால் கடைசியில் சந்து விழுகிறது. அரை கூட்டினால் கடைசித் துண்டு நுழைய மாட்டேன் என்கிறது. கணக்கு வாத்தியாரான சகலையிடம் கேட்டார். "கவராயம், அளவுகோல் ரெண்டை மட்டும் வச்சு அச்சாப் போடவே முடியாதுண்ணே, நிரூபிச்சே வச்சிருக்காங்க" என்றார் அவர், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல.

நிரூபித்தவன் மச்சினன்மாரோடு குடும்பம் நடத்தியிருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டார். புதுப் பலகை எடுத்தார். ஒவ்வொரு துண்டையும் மயிரிழை மயிரிழையாக இழைத்து, வைத்துப் பார்த்து, மறுபடி இழைத்தார். இடுப்பு விட்டுப்போயிற்று. ஒரு வழியாக ஏழும் கூடின. நடுவில் ஏழு முனைகளும் ஒரே புள்ளியில் வந்து முட்டின. பசை போடுமுன் காட்டிவிடலாம் என்று அவளைக் கூப்பிட்டார்.

அவள் கையில் போனோடு வந்தாள். முகமே சரியில்லை.

"சின்னவன் வரலையாம். பெரியவன் வர்ற வீட்டுக்கு வரவே மாட்டானாம்."

"அதுக்கு?"

"ஆறாப் பண்ணிடுங்க. அது சுலபம்னு நீங்கதானே சொன்னீங்க."

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உனக்கு?"

"ஏன் கத்துறீங்க? ஒன்னை எடுத்துட்டு மிச்சத்தைச் சேர்த்து வச்சாப் போச்சு."

ஒரு துண்டை உருவி எடுத்தார். "எங்க, சேரு பார்ப்போம்."

அவள் இரண்டு ஓரத்தையும் பிடித்து நெருக்கினாள். முன்னால் மூடியது, எதிர்ப்பக்கம் வாயைப் பிளந்தது. ஓடிப்போய் அதை மூடினாள். இந்தப் பக்கம் விட்டுப்போயிற்று.

"நீங்க சரியா அறுக்கல."

"ஏழுக்கு அறுத்தது ஏழுக்குத்தான் சேரும். வேற பலகையில ஆறு போட்டுத் தர்றேன், ஒரு மணி நேர வேலை."

அவள் காதில் வாங்கவில்லை. மேசைமேல் கவிழ்ந்து, இரண்டு கைகளையும் அகல விரித்து, ஆறு துண்டுகளையும் சேர்த்து அணைத்து இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"விடு, விரல் நசுங்கிடும்" என்றார்.

அவள் விடவில்லை. உருவிய துண்டு அவர் கையிலேயே இருந்தது. அதைக் கீழே வைக்க அவருக்கு மனசு வரவில்லை.