மரம் காயும்வரை

வில்லுக்கு மரம் தேடி அலைகிறவனை ஊர் சும்மா விடுமா? முசரவாக்கம் டீக்கடையில் லோகேஸ்வரனைக் கண்டாலே சிரிப்புதான். "இன்னாபா, சண்டைக்குக் கெளம்பிட்டியா?" என்பான் ஒருத்தன். லோகேஸ்வரனும் சிரித்துவிட்டுப் போவான். மரவாடியில் கதவு நிலை இழைக்கிறவன் அவன். அவன் மகள் ஜோதிகா வில் எய்வதில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவள். அடுத்து மாநிலப் போட்டி. வில் பழக்குகிற மாஸ்டர் கொடுத்த மூங்கில் வில்களோ அவள் இழுக்கிற இழுப்புக்குத் தாங்காமல் முறிந்துகொண்டே இருந்தன.

"எனக்குன்னு ஒரு வில்லு செஞ்சி குடுபா" என்றாள். விவரம் தெரிந்த நாளாக அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

தென்னேரியில் கலியன் என்பவரின் கொல்லை ஓரமாக உசிலை மரங்கள் நெருக்கியடித்து வளர்ந்திருந்தன. அப்பனும் மகளும் சின்ன மரங்களாகப் பார்த்து ஒவ்வொன்றையும் தடவிக்கொண்டு நடந்தார்கள். வெட்டவெளியில் தனியாக நிற்பது ஆகாது. இஷ்டத்துக்குக் கிளை விட்டு உடம்பெல்லாம் கணுவாக இருக்கும். கூட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, வெயிலுக்கு ஏங்கி நெட்டுக்குத்தாக ஏறின மரம்தான் வேண்டும். பட்டையில் கோடு முறுக்கிக்கொண்டு போனால் உள்ளே நாரும் முறுக்கித்தான் இருக்கும். அப்படிப்பட்ட மரம் இழுக்கிற நேரத்தில் காலை வாரிவிடும்.

ஜோதிகா ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். "இதான்பா! ஒரு கணு இருக்குதா சொல்லு."

லோகேஸ்வரன் அடியிலிருந்து உச்சிவரை பார்த்தான். அவன் தனியாக வந்திருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பான்.

"வெறகுக்கா?" என்று கேட்டார் கலியன்.

"இல்லண்ணா, பொண்ணுக்கு வில்லு செய்யறேன்."

"அடி சக்க! எடுத்துக்கினு போபா. ஜெயிச்சா என் கொல்லை மரம்னு சொல்லணும், ஆமா."

மாசியில் இலையெல்லாம் உதிர்ந்த பிறகு வந்து வெட்டினார்கள். இரண்டாகப் பிளந்து, நல்ல பாதியின் இரண்டு முனைகளிலும் மெழுகு பூசினான். காற்று பட்டால் முனை வெடித்துவிடும், அப்புறம் வெடிப்பு உள்ளே ஓடிவிடும். வீட்டுக்குள் ஓட்டுக்குக் கீழே, வெயில் படாத இடமாகப் பார்த்துக் கட்டினான்.

"ஒரு வருஷமாச்சும் காயணும்மா. பச்சையா வளைச்சா வளைஞ்சது வளைஞ்சபடி நின்னுடும்."

"ஒரு வருஷமா! அதுவரைக்கும் நான் இன்னாபா பண்றது?"

"கம்பெனில ஆள் எடுக்கறாங்களாம். போய்க்கினு வாயேன். மரம் காயறவரைக்கும்தான?"

எத்தனையோ வார்த்தை இருக்க, பாழாய்ப்போன அந்த வார்த்தைதான் அவன் வாயில் வந்தது.

கம்பெனி பஸ்ஸில் போய் வந்தாள். வந்ததும் வராததுமாக மேலே பார்த்து, "காஞ்சிடுச்சாபா?" என்பாள். அவன் விரலை மடக்கித் தட்டிக் காட்டுவான். மொத்தென்று சத்தம் வரும். "இன்னும் ஈரம் இருக்குதுமா."

மறு மாசியில் தட்டினபோது கணீரென்று கேட்டது. மரவாடியிலிருந்து வந்ததும் வராததுமாக வாசலில் உட்கார்ந்துவிடுவான். பட்டையை உரித்த பக்கத்தைத் தொடவே இல்லை. வில்லுக்கு உயிர் அந்தப் பக்கம்தான். உள்பக்கத்தை மட்டும் கொஞ்சங்கொஞ்சமாகச் சீவி, வளைத்துப் பார்த்து, மறுபடி சீவினான். அவன் மனைவி நதியா நெசவுக்காரர் வீட்டில் பாவு இழைகளைப் பிணைக்கிறவள். மிஞ்சின பட்டு இழைகளைக் கேட்டு வாங்கி வந்து, முறுக்கி, நாண் செய்து வைத்தாள். கட்டுவதுதான் பாக்கி.

"இந்த மாசத்தோட நின்னுக்கறேன்னு சொல்லிட்டேன்மா" என்று ஜோதிகா அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஆடினாள்.

யார் கண் பட்டதோ! அந்த வாரமே கம்பெனி மெஷின் அவள் வலது கையில் மூன்று விரல்களை வாங்கிவிட்டது. நாணை இழுக்கிற விரல்கள் அவைதான்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்தவள் தன் கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "வில்லு இன்னா ஆச்சிபா?" என்றாள்.

"வெடிச்சிடுச்சிமா" என்று லோகேஸ்வரன் சொல்லிவிட்டான். "தானாவே நெடுக வெடிச்சிடுச்சி. அடுப்புலதான் வைக்கணும்."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு, "அப்ப சரிபா" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம்தான் நிம்மதியாகக் கொஞ்சம் தூங்கினாள். அந்தத் தூக்கத்துக்காக அவன் ஆயிரம் பொய் சொல்லுவான்.

அவளை வீட்டுக்கு அனுப்புகிற அன்று, நதியாவை ஆட்டோவில் அழைத்து வரச் சொல்லிவிட்டு, லோகேஸ்வரன் முன்னதாகவே ஓடி வந்தான். பொய்யை மெய்யாக்க வேண்டுமே! ஓட்டுக்குக் கீழே கட்டி வைத்திருந்த வில்லை இறக்கினான். கோடாலியால் போட்டால் வெட்டு காட்டிக்கொடுத்துவிடும்; மரம் பார்க்கத் தெரிந்தவள் அவள். தானாக வெடித்தது போல இருக்க வேண்டும். ஒரு முனையை வாசற்படி இடுக்கில் கொடுத்து, நடுவில் முழங்காலை ஊன்றி அழுத்தினான்.

வில் வளைந்தது. மேலும் கீழும் ஒரே சீராக, ஒரு முனகல் கூட இல்லாமல் வளைந்து, காலை எடுத்ததும் நிமிர்ந்துகொண்டது.

மறுபடி அழுத்தினான். மொத்த உடம்பையும் அதன்மேல் போட்டான். திருப்பிப் போட்டு மிதித்தான். "ஒடைஞ்சித் தொலையேன்! ஒடையேன்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினான். கணு இல்லாத மரமாக, முறுக்கு இல்லாத மரமாகத் தேடிப் பிடித்தது அவன்தானே. அது நிமிர்ந்து நிமிர்ந்து நின்றது.

"விடுபா."

வாசலில் ஜோதிகா நின்றிருந்தாள். பின்னால் நதியா, மாத்திரைப் பையோடு.

"அது ஒடையாதுபா. பார்த்துப் பார்த்துத்தான எடுத்தோம்."

கிட்டே வந்து இடது கையால் வில்லை வாங்கினாள். பிடி அவள் கைக்கு அச்சாகப் பொருந்தியது. கை தானாக உயர்ந்தது. கட்டுப் போட்ட வலது கையும், பழக்கதோஷம், நாண் இருக்கவேண்டிய இடத்துக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

"சூப்பரா வந்திருக்குதுபா" என்றாள்.

லோகேஸ்வரன் படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "நான்தான்மா உன்ன அனுப்புனேன். நான்தான் அனுப்புனேன்."

அவள் வில்லை அவன் மடியில் வைத்தாள்.

"மேலயே கட்டிடுபா" என்றாள். "இன்னும் காயட்டும்."

அவள் உள்ளே போனாள். அவன் முக்காலியைப் போட்டு ஏறினான். முடிச்சுப் போட வரவில்லை. கீழே நதியா சத்தம் வெளியே கேட்காமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, முக்காலியைப் பிடித்துக்கொண்டாள்.